நான்கு விடியல்கள்: அறுகம்பேக்கு ஒரு குறும்பயணம்

அறுகம்பேக்கு எத்தனை நாள் போதும் என்று கேட்பவர்களிடம் முதலில் எத்தனை விடியல் வேண்டும் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவில் ஊரை ஒட்டிய இந்தக் குடாவில் சர்ஃபிங் என்பது பெரும்பாலும் காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் நடக்கும் காரியம். அந்த நேரத்தில் காற்று அடங்கி, கடல்மேல் எண்ணெய் தடவியது போல இருக்கும். பத்து, பதினொன்றுக்குக் கடல்காற்று எழும்பும். அலையின் முகம் கலைந்து, போர்டு தடதடக்க ஆரம்பிக்கும். மாலையில் காற்று இறங்கினால் இன்னொரு வாய்ப்பு உண்டு, ஆனால் அதை நம்பித் திட்டம் போடக்கூடாது.

அதனால் கணக்கு இப்படி வருகிறது. புதன்கிழமை மதியம் சென்னையில் கிளம்பி அடுத்த செவ்வாய் மதியம் திரும்புகிறீர்கள் என்றால் காலண்டரில் ஏழு தேதிகள். கடலுக்குக் கிடைப்பது வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என நான்கு விடியல்கள். மற்றதெல்லாம் சாலையும் ரயிலும் தூக்கமும். வெள்ளி முதல் திங்கள் வரையான நீண்ட வார இறுதியில் போய்வர நினைத்தால் ஒரே ஒரு முழுக் காலை தேறும். அதற்கு மகாபலிபுரமோ கோவளமோ போதும்.

முதலில் மாதத்தைச் சரியாகப் பிடியுங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை பருவம். தென்மேற்குப் பருவமழை கொழும்பிலும் காலியிலும் கொட்டும்போது கிழக்கு காய்ந்து கிடக்கும். இந்தியப் பெருங்கடலின் தெற்குக் கோடியில் எழும் புயல்களின் அலை அந்த மாதங்களில்தான் இந்தக் கரைக்கு ஒழுங்காக வந்து சேரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது பாதி விடுதிகள் பூட்டிக் கிடக்கும், கடலும் குழம்பியிருக்கும். கொழும்பு விடுதிக்காரர் யாராவது டிசம்பரில் அறுகம்பே போங்கள் என்றால் அவருக்கு அந்த ஊர் தெரியாது என்று அர்த்தம். டிசம்பருக்குத் தென்கரையில் இருக்கும் வெலிகமைப் பக்கம் போக வேண்டும். ஜூலை, ஆகஸ்ட்டில் அலை நன்றாக இருக்கும், கூட்டமும் உச்சத்தில் இருக்கும். புதிதாகக் கற்பவருக்கு மே அல்லது செப்டம்பர் நடுப்பகுதி நல்லது. அலை சற்றுச் சிறியது, அறை வாடகை இறங்கியிருக்கும், பயிற்சியாளருக்கும் உங்களைக் கவனிக்க நேரம் இருக்கும்.

தேதி குறிக்கும்போது முழுநிலவையும் பாருங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் இலங்கையில் போயா விடுமுறை. அன்று மது விற்பனை கிடையாது. அதைவிட முக்கியம், உள்ளூர் மக்கள் குடும்பத்தோடு பயணம் கிளம்புவதால் ரயில், பேருந்து இருக்கைகள் முன்பே தீர்ந்துவிடும்.

இனி சாலை. குறும்பயணம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒன்றரை மணி நேரம்தான். திருச்சி, மதுரையிலிருந்தும் நேர் விமானம் உண்டு. அந்தச் சின்ன எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. கொழும்பு விமானங்கள் இறங்கும் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து அறுகம்பே ஏறக்குறைய 350 கிலோமீட்டர்; அதிவேகச் சாலை வழியில் இன்னும் அதிகம். காரில் ஏழு மணி நேரம் குறையாது. தெற்கு அதிவேகச் சாலையில் மத்தள வரை வந்து, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவில் போவது வழக்கமான வழி. கடைசித் துண்டான சியம்பலாண்டுவ - லகுகல - பொத்துவில் காட்டு யானைகள் கடக்கும் சாலை. மதியம் இரண்டு மணிக்கு விமான நிலையத்தை விட்டுக் கிளம்பினால் அந்தத் துண்டுக்கு இரவு எட்டு மணிக்கு வருவீர்கள். வளைவில் விளக்கு வெளிச்சத்தில் யானை தெரியும்போது வண்டிக்கும் அதற்கும் நடுவே இருபது மீட்டர்தான் இருக்கும். நள்ளிரவில் கிளம்பி விடியலில் சேர்வது இன்னும் மோசம், ஓட்டுநருக்கும் தூக்கம் சொக்கும் நேரம் அது. காரில் போவதானால் காலை ஒன்பதுக்குள் தரையிறங்கும் விமானம் பிடித்து, பத்தரைக்குள் சாலையில் இருங்கள். லகுகலயை வெளிச்சத்திலேயே தாண்டிவிடலாம். கதிர்காமம் - புத்தள காட்டுச் சாலையை வரைபடம் காட்டினால் ஒதுக்குங்கள். வண்டியை மறித்துத் தின்பண்டம் கேட்கும் யானைகள் அங்கே வாடிக்கை.

மதியம் தரையிறங்குபவர்களுக்குத் தோதானது கொழும்பு கோட்டை ரயில் நிலையத்திலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் இரவு ரயில். இரவு முழுக்க ஓடி மறுநாள் காலை மட்டக்களப்பில் விடும். நேர அட்டவணை அவ்வப்போது மாறுகிறது, வழியில் யானைகள் தண்டவாளம் கடக்கும் பகுதியும் இருக்கிறது. ஓரிரு மணி நேரம் தாமதம் ஆனால் ஆச்சரியப்பட வேண்டாம். மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகப் பொத்துவிலுக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நேர்ப் பேருந்து கிடைக்காவிட்டால் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ மாறினால் போதும். இந்தப் பாதை முழுக்கத் தமிழ் பேசும் ஊர்கள். இடம் கேட்க, பேரம் பேச, காலையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட எந்தச் சிரமமும் இருக்காது. கொழும்பிலிருந்து நேராகப் பொத்துவில் போகும் இரவுப் பேருந்தும் உண்டு. வேகமானது, ஆனால் இறங்கும்போது முதுகு பேசும். யாழ்ப்பாணத்துக்குப் பறந்து அங்கிருந்து போகலாமே என்ற யோசனை வரைபடத்தில்தான் அழகு. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியிலிருந்து பொத்துவில் வர ஒரு முழு நாள் போய்விடும்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு மின்னணுப் பயண அனுமதி தேவை. கட்டண விதிகள் கடந்த சில ஆண்டுகளில் பலமுறை மாறிவிட்டன. விமானச் சீட்டு எடுத்த அன்றே அரசுத் தளத்தில் பார்த்துவிடுங்கள். அதே பெயரில் கூடுதல் கட்டணம் பிடுங்கும் போலித் தளங்கள் நிறைய.

தங்குமிடத்தை விலை பார்த்து எடுப்பதைவிட நடைதூரம் பார்த்து எடுங்கள். உள்ளூர்க்காரர்கள் உல்லை என்று சொல்லும் கடற்கரைத் தெரு ஒன்றுதான் ஊரே. அதன் தென்கோடியில், மீன்பிடிப் படகுகள் ஏற்றிவைத்திருக்கும் இடத்தைத் தாண்டி, பேபி பாயிண்ட், அதற்கடுத்து மெயின் பாயிண்ட் என்ற இரண்டு அலைமுனைகள். நடுத்தெருவில் அறை எடுத்தால் ஒன்பதடி போர்டைச் சுமந்து கால் மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும்; மதுக்கடைச் சத்தமும் நள்ளிரவு தாண்டும். விடியல்தான் உங்கள் சொத்து என்றால் தென்கோடியில் மின்விசிறி மட்டும் உள்ள அறைகூட நடுத்தெருக் குளிரூட்டி அறையைவிட லாபம். கொசுவலை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். மின்செருகியில் இந்திய வட்ட முனைக்கும் சதுர முனைக்கும் ஊர் பாதி பாதி. ஒரு மாற்றி எடுத்துப் போங்கள்.

அலைகளைப் பற்றி. இங்குள்ள முனைகள் எல்லாமே வலப்பக்க அலைகள். கரையைப் பார்த்து நிற்பவருக்கு அலை வலது கைப் பக்கமாக உருண்டு போகும். இடது காலை முன்வைத்து நிற்பவருக்கு அலை முகத்துக்கு நேரே இருக்கும், கற்பது எளிது. வலது காலை முன்வைப்பவர் முதுகைக் காட்டி ஓட்ட வேண்டும். ஒரு நாள் கூடுதலாகத் தடுமாறுவார், அது திறமைக் குறைவு அல்ல.

மெயின் பாயிண்ட்தான் அறுகம்பேயின் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோனது. 2019 செப்டம்பரில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி நடந்ததும் இங்கேதான். அடியில் பாறையும் பவளமும், இடுக்குகளில் கடல்முள்ளெலியும். நல்ல நாளில் அலை சில நூறு மீட்டர் குடாவுக்குள் ஓடும். புதியவர் முதல் நாளே இதில் இறங்குவதுதான் இந்த ஊரில் அதிகம் நடக்கும் தவறு. காயம் ஒரு பக்கம். லைன்-அப்பில், அதாவது அலை பிடிக்கும் இடத்தில், வரிசையாகக் காத்திருப்பவர்களின் கோபம் இன்னொரு பக்கம். மெயின் பாயிண்ட்டைத் தாண்டி உள்ளே வரும் மிச்ச அலைதான் பேபி பாயிண்ட். அடியில் பெரும்பாலும் மணல், இடுப்பளவு தண்ணீர், பயிற்சிப் பள்ளிகள் எல்லாம் இங்கே. முதல் இரண்டு விடியலை இங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்கே பாணமை போகும் சாலையில் எலிஃபண்ட் ராக், அதற்கும் அப்பால் பீநட் ஃபார்ம். வடக்கே பொத்துவிலைத் தாண்டி விஸ்கி பாயிண்ட், பொத்துவில் பாயிண்ட், இன்னும் மேலே சங்கமன்கண்டிப் பக்கம் லைட்ஹவுஸ். உடைந்து வரும் நுரை அலையில் நிற்கப் பழகியவர், இன்னும் உடையாத முதல் பச்சை அலை பிடிக்க விஸ்கியும் பீநட் ஃபார்மும் ஏற்றவை. மெயின் பாயிண்ட் சிறுத்துப் படுத்திருக்கும் நாளிலும் விஸ்கியில் ஏதாவது ஓடும். அதனாலேயே ஒன்பது மணிக்குப் பயிற்சிப் பள்ளிகளின் போர்டுகள் அங்கே குவிந்துவிடும். ஐந்தரைக்கு முச்சக்கர வண்டி ஏறினால் ஒன்றரை மணி நேரம் நிம்மதியாகக் கிடைக்கும். பொத்துவில் பாயிண்ட்டுக்கு மணல் சேர வேண்டும், அலையும் பெரிதாக வேண்டும். பருவத்தின் பிற்பாதியில் அது நன்றாக இருக்கும். எலிஃபண்ட் ராக், பீநட் ஃபார்ம் பக்கத்துக் களப்புகளில் (உப்பங்கழிகளில்) முதலை உண்டு. கடலில் பயமில்லை, களப்பைக் குறுக்கே கடந்து வழி சுருக்கப் பார்க்காதீர்கள். பாணமைச் சாலையிலும் அந்தி சாய்ந்தால் யானை வரும், ஐந்தரைக்குள் ஊர் திரும்பிவிட வேண்டும்.

அலை முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். பார்க்க வேண்டியது அலை இடைவெளி, அதாவது ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் இடையிலான நொடிகள். இந்த முனைகளுக்குத் தெற்கிலிருந்து வரும் அலை நிலமுனையைச் சுற்றி வளைந்து உள்ளே நுழைய வேண்டும். பன்னிரண்டு நொடிக்கு மேல் இருக்கும் அலை கடலின் ஆழம்வரை வலு கொண்டது, தரையைத் தொட்டு நன்றாக வளையும். ஆறேழு நொடி அலை அருகில் அடித்த காற்றின் வேலை. உயரம் எவ்வளவு காட்டினாலும் வெளியிலேயே போய்விடும். ஒரு மீட்டர், பதினான்கு நொடி என்றால் பேபி பாயிண்ட்டில் நல்ல நாள். அதே ஒரு மீட்டர், ஏழு நொடி என்றால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம். ஓத ஏற்ற இறக்கம் இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் மெயின் பாயிண்ட்டில் தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் பாறை முழங்காலுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

போர்டை ஊரிலிருந்து தூக்கிப் போகாதீர்கள். நான்கு விடியலுக்காக விமானத்தில் நீளச் சாமான் கட்டணம் கட்டுவது வீண். வாடகைக்கு எடுக்கும்போது மணிக்கணக்கில் எடுக்காமல் நாட்கணக்கில் பேசுங்கள், நான்கு நாளுக்கு என்றால் குறைப்பார்கள். புதியவருக்கு எட்டு முதல் ஒன்பது அடி மென்போர்டு. எண்பது கிலோவுக்கு மேல் இருந்தால் ஒன்பதடியே. ‘இரண்டாம் நாள் சின்ன போர்டுக்கு மாறலாம்’ என்ற ஆசையை அடக்குங்கள். குட்டை போர்டில் அலை பிடிக்கக் கையால் துடுப்புப் போடும் வேகம் போதாது, மீதி நாட்கள் உட்கார்ந்தே கழியும். எடுக்கும் முன் புரட்டிப் பாருங்கள்: விரிசலைச் சுற்றிப் பழுப்புக் கறை இருந்தால் உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது. போர்டின் அடியில் செதில்போல் நிற்கும் ஃபின் ஆடுகிறதா, போர்டைக் காலோடு கட்டும் லீஷ் பட்டையின் ஒட்டுத்துணி பிடிக்கிறதா, லீஷை போர்டோடு கட்டும் சின்னக் கயிறு நைந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கயிறு அறுந்தாலும் போர்டு போய்விடும். லீஷின் நீளம் போர்டின் நீளத்துக்குக் குறையக் கூடாது. இருக்கும் காயங்களைக் கைபேசியில் படம் எடுத்துக் கடைக்காரர் முன்பே காட்டிவிடுங்கள், திருப்பும்போது தகராறு வராது. பிணையாகக் கடவுச்சீட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள், நகலும் முன்பணமும் போதும். இரண்டு மணி நேரம் வெயிலில் கிடத்தினால் போர்டின் தோல் உப்பிவிடும். நிழலில் குப்புறப் போடுங்கள், வழுக்காமல் இருக்கப் பூசும் வாக்ஸும் உருகாது.

ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் இந்திய உரிமம் மட்டும் வைத்துக்கொண்டு இலங்கையில் ஓட்டுவது சட்டப்படி செல்லாது, விபத்து நடந்தால் பயணக் காப்பீடும் கைவிடும். கூரையில் போர்டு கட்டும் கம்பி பொருத்திய முச்சக்கர வண்டிகள் ஊர் முழுக்க உண்டு. முந்தின இரவே ஒருவரோடு போக, காத்திருக்க, திரும்ப என்று மொத்தமாகப் பேசிவிடுங்கள். போக மட்டும் பேசி இறங்கினால் பீநட் ஃபார்மில் திரும்பி வர வண்டி கிடைக்காது.

தண்ணீரில் ஒழுங்கு என்று ஒன்று உண்டு, அதைத் தெரியாமல் இறங்கினால் திட்டு வாங்காமல் கரையேற முடியாது. அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. வலப்பக்க அலை என்பதால் அவர் உங்கள் இடது பக்கம் இருப்பார். எழுவதற்கு முன் இடது தோளைத் திரும்பிப் பாருங்கள். யாராவது நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள். துடுப்புப் போட்டு வெளியே போகும்போது, ஓட்டி வருபவரின் பாதையில் குறுக்கிடாமல் நுரைப் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். நுரை மேலே வந்தால் போர்டைக் கைவிட்டுத் தப்பிப்பது பெருங்குற்றம், ஒன்பதடி போர்டும் ஒன்பதடி லீஷும் சேர்ந்து பின்னால் இருப்பவரின் முகத்துக்குப் போகும். இன்னொன்று: முனையிலிருந்து குடாவுக்குள் நீரோட்டம் தள்ளிக்கொண்டே இருக்கும். நீண்ட அலை ஓட்டிய பிறகு அதை எதிர்த்துத் துடுப்புப் போட்டால் அரை மணி நேரத்தில் தோள் செத்துவிடும். கரையேறி மணலில் நடந்து போய் மறுபடி இறங்குங்கள். உள்ளூர்ப் பையன்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

தோள்தான் உண்மையான எல்லை. ஊரிலேயே தயாராகாமல் வருபவர்களுக்கு மூன்றாம் விடியலில் கை தூக்க முடியாது. கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பிருந்து வாரம் மூன்று நாள் நீச்சல், நிற்காமல் நானூறு மீட்டர் வரை. வீட்டுத் தரையில் குப்புறப் படுத்து ஒரே வீச்சில் எழும் பயிற்சி தினம் இருபது. முடிந்தால் கோவளத்திலோ மகாபலிபுரத்திலோ ஒரு வார இறுதி வகுப்பு. அங்கே நுரையில் எழக் கற்றுவிட்டால் அறுகம்பேயின் முதல் விடியல் மிச்சம்.

காலுக்கு ரீஃப் காலணி, உடம்புக்கு முழுக்கை ராஷ்கார்டு (தோல் உரசாமல் காக்கும் இறுக்க மேலாடை), முட்டி தேயாமல் இருக்க நீள இறுக்கக் காற்சட்டை, முகத்துக்குத் துத்தநாகக் களிம்பு. பவளத்தில் கீறினால் சின்னக் காயம்தானே என்று விடாதீர்கள். குடிநீரில் கழுவி, மென்தூரிகையால் துகள்களை எடுத்து, போவிடோன் அயோடின் போட்டு, உலர்ந்த கட்டுப் போட வேண்டும். கடல்நீர் சுத்தம் என்று நம்பி மறுநாள் இறங்குபவருக்குத்தான் சீழ் பிடிக்கிறது. சிவப்பு பரவினால் பொத்துவில் ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். கடல்முள் குத்தினால் நீட்டிக்கொண்டிருப்பதை இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்தால் வலி தணியும். அவசரத்துக்கு 1990 என்ற எண்ணில் இலவச ஆம்புலன்ஸ் வரும். இந்திய உதவியில் தொடங்கிய சேவை அது.

விடுதிச் சமையலறைகள் பல விடியலில் திறந்திருக்காது. முந்தின இரவே வாழைப்பழமும் ஒரு பாணும் (ரொட்டி) வாங்கி வையுங்கள். மதியம் செவ்விளநீர், களைத்துப் போனால் மருந்துக் கடையில் ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். பொத்துவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர், வெள்ளி நடுப்பகலில் ஜும்மா முடியும்வரை பல கடைகள் மூடியிருக்கும். கடைத்தெருவுக்கு ஈர நீச்சலுடையோடு போகாமல் ஒரு சட்டை மாட்டிக்கொள்வது மரியாதை. யூபிஐ இலங்கையில் 2024 முதல் ஏற்கப்படுகிறது என்றாலும் முச்சக்கர வண்டிக்கும் தேநீர்க் கடைக்கும் ரொக்கம்தான். பொத்துவில் வங்கி ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் இந்த ஊர் குறித்துப் பாதுகாப்பு எச்சரிக்கை விடுத்தபோது பொலிஸ் காவல் பலப்படுத்தப்பட்டது. சோதனையில் நிறுத்தினால் காட்டக் கடவுச்சீட்டின் நகல் கையில் இருக்கட்டும்.

காற்று எழுந்த பிறகான பகல்களுக்கு இரண்டு யோசனை போதும். பொத்துவில் களப்பில் மாலைப் படகுச் சவாரி, அல்லது குமண தேசியப் பூங்காவுக்கு மதியச் சவாரி. விடியல் சவாரிதான் சிறந்தது என்று ஜீப்காரர் சொல்வார். உங்களுக்கு அது ஒரு விடியல் இழப்பு. பூங்கா வாசல் உகந்தையில், முருகன் கோவிலுக்குப் பக்கத்திலேயே. யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் பாதயாத்திரிகர்கள் காட்டுக்குள் நுழைவது இங்கிருந்துதான். கதிர்காமத் திருவிழாவுக்கு முந்தைய நாட்களில் போனால் உகந்தை நிறைந்திருக்கும். பாணமைச் சாலையில் வண்டிக்கும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். எல்ல (Ella) என்ற மலையூரையும் இதே பயணத்தில் சேர்க்க ஆசைப்படுபவர்கள் அதிகம். மூன்று மணி நேரச் சாலைதான், ஆனால் போய்வர இரண்டு விடியல் போகும்.

திரும்பும்போது திங்கள் காலை அலை முடித்து, போர்டைக் கொடுத்து, மதியம் தூங்கி, இரவுப் பேருந்தில் ஏறினால் செவ்வாய் விடியலில் கொழும்பு. கோட்டையிலிருந்து கட்டுநாயக்கவுக்குக் காலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். மதியம் ஒரு மணிக்கு முந்தைய விமானம் எடுக்காதீர்கள். பேருந்து மொனராகலையில் பஞ்சரானால் அடுத்த பேருந்தில் இடம் பிடித்து வர அந்த இடைவெளி தேவைப்படும்.